சேஸிஸ் வாங்கி பாடி கட்டும் ஊரில் ரூட்டர் மட்டும் ஏன் மூடிய பெட்டி?

நாமக்கல் பக்கம் லாரி வாங்குகிறவர்கள் பலர் முழு லாரியை வாங்குவதில்லை. கம்பெனியிலிருந்து சேஸிஸ் வரும். அதைப் பட்டறையில் விட்டு, ஓடப்போகும் ரோட்டுக்கும் ஏற்றப்போகும் லோடுக்கும் தகுந்த மாதிரி பாடி கட்டிக்கொள்வார்கள். திருச்செங்கோட்டில் அதே மாதிரி சேஸிஸ் மேல் ரிக் ஏறி உட்காரும், போர் போட இந்தியா முழுக்கப் புறப்படும். "கம்பெனிக்காரன் செய்ததில் கை வைக்கலாமா?" என்ற தயக்கம் இந்தச் சமவெளியில் எப்போதுமே இருந்ததில்லை. கை வைத்துத்தான் பிழைப்பே.

ஆனால் அதே பட்டறைக்காரர் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு வெள்ளைப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் என்ன நடக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நெட் வரவில்லையென்றால் இரண்டே வைத்தியம். ஒன்று, ஸ்விட்சை அணைத்துப் போடுவது. இரண்டு, கேபிள்காரருக்கு போன் போடுவது. வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நெட் போனால் அவனும் ஸ்விட்சைத்தான் அணைத்துப் போடுகிறான்!

சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று எந்த ரோட்டில் போனாலும் பொறியியல் கல்லூரி பஸ்கள் எதிரே வரும். அவற்றில் கம்ப்யூட்டர் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் படிப்பு முடிவதற்குள் ஒரு கம்பியில்லா ரூட்டரையாவது தன் கையால் கட்டி, ஒரு மாதமாவது வீட்டில் ஓட்டிப் பார்த்திருக்கவேண்டும். பணம் மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லப்படுவதல்ல இது. மிச்சமாகாது, கணக்கு பின்னால் வருகிறது.

முதலில் அந்தப் பெட்டி என்னவென்று பார்ப்போம். அது ஒரு கருவியே அல்ல, நாலைந்து கருவிகளை ஒன்றாகப் போட்டு மூடியது. ஃபைபர் ஒளியை மின்குறியாக மாற்றுகிற ஒரு பகுதி. வீட்டுக்குள் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் ஒரு பகுதி. ரேடியோ ஒரு பகுதி. புதிதாக வரும் ஒவ்வொரு போனுக்கும் 'உன் நம்பர் இது' என்று முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி என்ற மென்பொருள் ஒன்று. பெயரைச் சொன்னால் ஐபி எண்ணைத் தேடித்தரும் டிஎன்எஸ் வேலை இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக நாட் என்ற கணக்குப்பிள்ளை. வீட்டுக்குள் பத்து கருவிகள் இருந்தாலும் வெளியுலகத்துக்கு ஒரே ஒரு முகவரிதான் தெரியும். எந்தக் கருவி எதைக் கேட்டது, திரும்பி வரும் பதில் யாருக்குப் போகவேண்டும் என்று போர்ட் எண்களை வைத்துப் பேரேடு எழுதுவது அவர் வேலை. வீட்டுக்குள் எல்லோரும் பார்க்கிற 192.168 என்று தொடங்கும் முகவரிகள் 1996-லேயே இதுமாதிரி உள்வீட்டு உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள்தான்.

இத்தனை வேலையையும் செய்வது எது? பல பெட்டிகளில் லினக்ஸ். இது தற்செயலாக வெளியே தெரிந்த கதை சுவையானது. 2002 கடைசியில் லிங்க்ஸிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்று ஒரு நீலக் கறுப்பு ரூட்டரைக் கொண்டுவந்தது. 2003-ல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கியது. அதே வருஷம் சில லினக்ஸ் ஆசாமிகள் அந்த ரூட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் ஒரு நிபந்தனை போடுகிறது: விற்கலாம், ஆனால் வாங்கியவன் கேட்டால் மூல நிரலைக் கொடுக்கவேண்டும். கேட்டார்கள், கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு கொடுத்தார்கள். அந்த நிரலை வைத்து 2004-ல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்றுவரை நூற்றுக்கணக்கான மாடல் ரூட்டர்களில் கம்பெனி மென்பொருளை எடுத்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம். நாமக்கல் பாஷையில் சொன்னால், சேஸிஸ் அவர்களுடையது, பாடி நம்முடையது.

"இதெல்லாம் அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் செய்வது" என்று நினைப்பவர்களுக்குத் தேனியைக் காட்டலாம்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரு பிரச்சினை இருந்தது. சுற்றுவட்டார ஊர்களில் சிறிய கண் பரிசோதனை மையங்கள், டாக்டர் இருப்பதோ தேனியில். வீடியோவில் டாக்டர் நோயாளியைப் பார்க்கவேண்டும். அதற்கு வேண்டிய வேகத்தில் கேபிளும் இல்லை, செல்போன் நெட்டும் அப்போது இல்லை. 2000-களின் நடுவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இருந்த டியர் என்ற ஆய்வுக்குழு அங்கே வந்தது. அவர்கள் கொண்டுவந்தது விசேஷமான ராணுவக் கருவி எதுவும் இல்லை. கையகல கம்ப்யூட்டர் போர்டு, கடையில் கிடைக்கும் வை-ஃபை கார்டு, லினக்ஸ், கோபுரத்தின் மேல் ஒரே திசையைப் பார்க்கும் ஆன்டெனா. அதாவது, கையால் கட்டிய ரூட்டர்.

ஆனால் வை-ஃபை என்பது ஒரு வீட்டு அளவுக்குச் செய்தது. ஒரு பொட்டலத்தை அனுப்பியதும் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்கு மிகக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பதில் வருவதற்குள் பொறுமை போய்விடும், தொலைந்துவிட்டது என்று மறுபடி அனுப்பும். அது போதாதென்று, பேசுவதற்கு முன் 'வேறு யாராவது பேசுகிறார்களா?' என்று காதுகொடுத்துக் கேட்கும் வழக்கமும் தூரத்தில் உதவாது. அந்தக் குழு மென்பொருளை மாற்றியது. இரண்டு முனைகளும் முறைவைத்துப் பேசும், பதில்கள் மொத்தமாக வரும். அதே கார்டில் வேகம் இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வரை கூடியது. 2007-ல் வைல்ட்நெட் என்ற பெயரில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வுக்கட்டுரையைத் தேடிப்பிடித்துப் படிக்கலாம். பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் புரிகிறது.

அடுத்த வருஷம் அதே குழு எழுதிய கட்டுரை இன்னும் முக்கியமானது. கட்டிய வலைப்பின்னல்கள் ஏன் கெட்டுப்போகின்றன என்று அதில் சொல்கிறார்கள். பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் ரேடியோ இல்லை, கரண்ட். வோல்டேஜ் ஏறி இறங்கி அடாப்டர் கருகுவது, பாதியில் கரண்ட் போய் மெமரி கார்டில் எழுதியது அழிந்துபோவது. பெர்க்லியில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்நாட்டில் எந்த டிராக்டர் மெக்கானிக்கைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பார்! நாளடைவில் உள்ளூர் ஆட்கள்தான் அந்த வலையைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

சரி, ஒரு மாணவர் எதை வைத்துக் கட்டுவது?

பலருக்கு முதலில் தோன்றுவது மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப். இரண்டு லேன் கார்டு போட்டால் ரூட்டர் தயார். கற்றுக்கொள்ள அருமையான வழி, மாதக்கணக்கில் ஓட்ட மோசமான வழி. பழைய டெஸ்க்டாப் சும்மா இருந்தாலே 60 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 1.44 யூனிட். இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து நடைமுறை. அந்த இலவசத்தை ஏறக்குறைய முழுசாக இந்த ஒரு பெட்டியே தின்றுவிடும். ஈ.பி. பில் வந்ததும் அப்பா கேட்கும் கேள்விக்கு ஓஎஸ்ஐ மாடலில் பதில் கிடையாது. கடையில் விற்கும் சின்ன ரூட்டருக்கு 6 வாட் போதும், இரண்டு மாதத்துக்கு 9 யூனிட்டுக்குக் கீழ்.

நடுவில் ஒரு நல்ல வழி உண்டு: பழைய லேப்டாப். தமிழக அரசு 2011 செப்டம்பரில் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அதில் வந்த பழைய மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் பீரோ மேல் தூங்குகின்றன. யூடியூப் பார்க்கக்கூட இப்போது லாயக்கில்லை. ஆனால் ரூட்டர் வேலைக்கு அந்தச் சக்தி தாராளம். திரையை அணைத்துவிட்டால் 15 வாட் அளவில் ஓடும். பேட்டரி இன்னும் உயிரோடிருந்தால் அதுவே யூபிஎஸ், தேனிக்காரர்கள் பட்ட கஷ்டம் இல்லை. (பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் யோசிக்காமல் கழற்றிவிடவேண்டும். அது விளையாட்டில்லை.)

அதில் டெபியன் போட்டு, யூஎஸ்பியில் ஒரு லேன் அடாப்டரைச் செருகினால் இரண்டு வாசல் ஆகிவிட்டது. ஒன்று கேபிள்காரர் பெட்டிக்கு, இன்னொன்று வீட்டுக்கு. ரேடியோவை நடத்த ஹோஸ்ட்ஏபிடி, முகவரி கொடுக்கவும் பெயர் தேடவும் டிஎன்எஸ்மாஸ்க், நாட் பேரேடு எழுதவும் வாசலில் காவல் நிற்கவும் என்எஃப்டேபிள்ஸ். மூன்றும் இலவசம். மூன்றுக்கும் சேர்த்து எழுதவேண்டிய வரிகள் ஐம்பதைத் தாண்டாது. லேப்டாப்பின் வை-ஃபை கார்டு அக்சஸ் பாயின்ட்டாக வேலை செய்யுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். பழைய ஏதராஸ் கார்டுகள் சமர்த்து. இன்டெல் கார்டுகள் பல 5 கிகாஹெர்ட்ஸில் அடம்பிடிக்கும்.

பழைய ரூட்டரிலேயே ஓப்பன்டபிள்யூஆர்டி போடுவது இன்னொரு வழி. இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய சாமான் கடையில் 200 ரூபாய்க்குக் கிடைக்கும் ரூட்டர்களில் பல 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் வகை. 19.07 பதிப்போடு அவற்றுக்கான ஆதரவு நின்றுவிட்டது. மாடல் எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் காகித வெயிட்டாகத்தான் உதவும்.

கட்டி முடித்தபிறகு வருவதுதான் உண்மையான பாடம். ஏனென்றால் முதல் தடவை வேலை செய்யாது.

பெரும்பாலானவர்கள் விழும் முதல் குழி இது. புது ரூட்டர் தனக்கு 192.168.1.1 என்று முகவரி வைத்துக்கொள்ளும். கேபிள்காரர் கொடுத்த பெட்டியும் பல வீடுகளில் அதே 192.168.1.1. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. தபால்காரர் என்ன செய்வார்? பாக்கெட் எங்கேயும் போகாது, எந்தப் பிழைச் செய்தியும் வராது. ராத்திரி இரண்டு மணிவரை தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் உள்வீட்டு எண்ணை 192.168.5.1 என்று மாற்றியதும் எல்லாம் ஓடத்தொடங்கும். அந்த ராத்திரிக்குப் பிறகு சப்நெட் என்றால் என்ன என்று அந்த மாணவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது குழி இன்னும் விசித்திரம். கூகுள் திறக்கும், பேங்க் சைட் பாதியில் நின்றுவிடும். கேபிள்காரரைக் கேட்டால் "எங்க லைன்ல பிரச்சினை இல்லீங்க" என்பார், அதுவும் உண்மைதான். யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ முறையில் ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் அதற்கென்று போய்விடும். 1500 பைட் போகவேண்டிய பாதையில் 1492 தான் போகும். இதை எதிர்முனைக்குத் தெரிவிக்கும் செய்தியை வழியில் யாராவது மறித்துவிட்டால், பெரிய பொட்டலங்கள் மட்டும் சத்தமில்லாமல் காணாமல்போகும். கேபிள்காரர் பெட்டியே பிபிபிஓஇ வேலையைச் செய்தால் அது ஓசைப்படாமல் சரிசெய்துகொள்ளும். நம் பெட்டி செய்தால் ஒரு வரி எழுதி நாமே சரிசெய்யவேண்டும். எம்டியூ என்ற சொல்லுக்குப் புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வி. வீட்டில் அது பேங்க் சைட்.

மூன்றாவது, கோழிப்பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த சமாச்சாரம். பண்ணையில் சிசிடிவி போட்டிருப்பார்கள். வெளியூரில் இருக்கும்போது போனில் ஷெட்டைப் பார்க்கவேண்டும். பழைய வழிமுறைப்படி ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தால் போதும், ஆனால் இப்போது பல இணைப்புகளில் அது வேலை செய்வதில்லை. ரூட்டரில் காட்டும் வெளி முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் ஏதாவதாக இருந்தால் காரணம் புரிந்துவிடும். கம்பெனியே இன்னொரு நாட் வைத்திருக்கிறது. நம் வீட்டு முகவரி உண்மையில் இன்னொரு பெரிய வீட்டின் உள் அறை எண். அதனால்தான் கேமராக்காரர் தன் சொந்த சர்வர் வழியாகப் படத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார். தன் ஷெட்டுப் படம் எந்த ஊர் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது என்று பண்ணைக்காரருக்குத் தெரிந்திருக்கவேண்டாமா?

பண்ணை என்றதும் ரேடியோவைப் பற்றி ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். கோழிக் கூண்டின் கம்பிவலைக் கண் அதைவிட எவ்வளவோ சிறியது. மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடிக் கதவுக்குள் ஓட்டை போட்ட தகடு இருக்கிறதே, அதே தத்துவம். அலை வலையைத் தாண்டப் பார்த்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். கூண்டுகள் வரிசை வரிசையாக நிற்கும் ஷெட்டின் ஒரு மூலையில் ரூட்டரை வைத்துவிட்டு மறுமூலையில் சிக்னல் இல்லை என்று 'பவர்ஃபுல் ரூட்டர்' தேடுவதில் அர்த்தமில்லை. கூண்டுக்கு மேலே, நடு வரிசையில் உயரத்தில் தூக்கி வைத்தால் விலை மலிந்த பெட்டியே போதும். இதையும் கட்டிப் பார்த்தவர்தான் நம்பிக்கையோடு சொல்லமுடியும்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு நல்ல ரூட்டர் கிடைக்கும்போது இந்த வேண்டாத வேலை எதற்கு? வீட்டுக்கு ஒரு ரூட்டர் வேண்டும் என்பது மட்டும் தேவையானால், கடையில் வாங்குவதே சரி. அதில் தகராறு இல்லை. வீட்டில் ஆன்லைன் வகுப்பும் அக்காவின் வீட்டிலிருந்தே வேலையும் நடக்கிற நேரத்தில் பையன் ரூட்டரைப் பிரித்துப்போடுவதும் நியாயமில்லை. பழைய பெட்டியை அப்படியே விட்டு, அதற்குப் பின்னால் தன்னுடையதைத் தனிப் பெயரில் ஓட்டட்டும்.

ஆனால் பூட்டிய பெட்டிக்கும் ஒரு விலை உண்டு. 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அதன் வித்தை ரொம்ப சாதாரணம். கம்பெனிகள் போட்டுவிடும் 60-க்கும் மேற்பட்ட யூசர் நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது. அடுத்த வருஷம் ஜூலையில் இந்தியாவில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் மோடம்கள் தாக்கப்பட்டன. பழைய பாஸ்வேர்டை மாற்றச்சொல்லி அறிவிப்பு வந்தது. 'அட்மின்' என்ற சொல்லை மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே தெரியாதவருக்கு அந்த ஒரு நிமிஷம் எப்படிக் கிடைக்கும்? தெருவில் ஒரு மாணவராவது தெரிந்தவராக இருந்தால் தெரு முழுக்க மாற்றிவிடலாம்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உள்ளும் வெளியும் உரிமமில்லாமல் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு 2018 அக்டோபரில் தாராள அனுமதி வந்தது. ஆனால் சக்திக்கு வரம்பு உண்டு. மென்பொருளில் நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வைக்காமல், கூடுதல் சிக்னலுக்காக வேறு நாட்டின் பெயரைப் போடுவது சாமர்த்தியம் இல்லை, மீறல். கடவுச்சொல் இல்லாமல் தெருவுக்கே நெட்டைத் திறந்துவிடும் தர்ம சிந்தனையும் வேண்டாம். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்னால் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டு வை-ஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வாசலில்.

இனி கல்லூரி. நெட்வொர்க் லேபில் இப்போது நடப்பது பெரும்பாலும் சிமுலேட்டர். திரையில் ரூட்டர் படம், படத்துக்கும் படத்துக்கும் கோடு. சிமுலேட்டரில் கரண்ட் போகாது, கோழிக் கூண்டு மறைக்காது, பேங்க் சைட் நிற்காது. அதில் தவறில்லை, ஆனால் அதோடு முடிந்துவிடுகிறது. பிறகு கடைசி வருஷம் ப்ராஜெக்ட். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ப்ராஜெக்ட் சென்டர் போர்டுகளை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பணம் கட்டினால் தலைப்பு, நிரல், ரிப்போர்ட், வைவாவில் என்ன சொல்லவேண்டும் என்ற மனப்பாடக் குறிப்பு எல்லாம் ஸ்பைரல் பைண்டிங்கோடு கிடைக்கும். தலைப்பில் 'கிளவுட்' இருக்கும், 'ஏஐ' இருக்கும். நாலு பேர் சேர்ந்து பணம் கட்டியிருப்பார்கள், நாலு பேரில் ஒருவருக்கும் அது எப்படி ஓடுகிறது என்று தெரியாது. அந்தப் பணத்தை அனுப்பியவர் லாரி ஓட்டுநராகவோ தறிக்காரராகவோ இருப்பார்.

அந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பழைய லேப்டாப், ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர், மூன்று மாதம். இதைக் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டாக ஏற்றுக்கொள்வதில் துறைத்தலைவர்களுக்கு என்ன தடை இருக்கமுடியும்? 'புதுமை இல்லை' என்பார்கள். விலைக்கு வாங்கிய ரிப்போர்ட்டில் மட்டும் என்ன புதுமை வாழ்கிறது? வைவாவும் சுலபம். தேர்வாளர் ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு, "இப்போ அந்த போன் யாரிடம் முகவரி கேட்கும்?" என்று கேட்டால் போதும். கட்டியவர் உடனே லாக் பக்கத்தைத் திறப்பார். வாங்கியவர் ஸ்விட்சைத் தேடுவார்.